ஒற்றைப் பெயரில் புகார் போகக்கூடாது

தோழர்களே,

புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஒரு தம்பி போன் செய்தான். நம் சிறுசேரி சிப்காட்டுக்குள்தான் வேலை. நாவலூரில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். "அண்ணே, மெயில் அடிச்சு வச்சிட்டேன். டிராஃப்ட்ல கிடக்கு. அனுப்பிடட்டுமா?"

விஷயம் இதுதான். அவன் டீமில் கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேர் என்று மாதாமாதம் பில் வருகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் ஆறு பேர். மீதி மூன்று பேருக்கு ஐடி எண் இருக்கிறது, டைம்ஷீட் இருக்கிறது, அந்த டைம்ஷீட்டுக்கு மேனேஜரின் ஒப்புதலும் இருக்கிறது. கேட்டில் கார்டு தேய்த்த பதிவு மட்டும் ஒரு நாள்கூட இல்லை. வீட்டிலிருந்து வேலை என்று வைத்துக்கொண்டாலும் லாகின் இருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. (ஆளை மோப்பம் பிடிக்க முடியாதபடி இரண்டு மூன்று விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தேடாதீர்கள்.)

"அனுப்பாதே. சனிக்கிழமை வரைக்கும் பொறு" என்றேன்.

புகார் போகவேண்டாம் என்பதற்காக அல்ல. அவன் பெயரை மட்டும் தாங்கி அது போகக்கூடாது என்பதற்காக. உங்களுக்கு அவசர அவசரமாக இதை எழுதுவதும் அதற்காகத்தான். நம் கையில் இருப்பது மூன்று நாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். இரவு ஷிப்டு கேப்களின் ட்ரிப் ஷீட்டைச் சரிபார்க்கிற வேலை எனக்கும், என்னைவிட இரண்டு வருடம் இளைய ஒரு பெண்ணுக்கும். ஒரு நாள் அவள் இரண்டு தாள்களை என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ஒரே வண்டி எண். ஒன்றில் 1.10 மணிக்குக் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம். இன்னொன்றில் 1.20 மணிக்குத் திருவான்மியூர். "ஒரே வண்டி எப்படிண்ணா ரெண்டு பக்கமும் போகும்?"

ஆறு வாரத்துத் தாள்களைப் புரட்டினோம். இப்படி எத்தனையோ இரவுகள். "ரெண்டு பேர் பேரும் போட்டு அனுப்பலாம்ணா" என்றாள். எனக்கு அப்போதுதான் மேடவாக்கத்து ஃப்ளாட்டுக்கு இஎம்ஐ ஓடத் தொடங்கியிருந்தது. "நீ அனுப்பும்மா. நான் பின்னாடி இருக்கேன்" என்றேன்.

அனுப்பினாள். புகார் சொல்வதற்கென்றே கம்பெனி வைத்திருந்த முகவரிக்கு. மூன்றாம் நாள் அந்த மெயில் ஃபார்வர்டு ஆகி, ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே அதிகாரியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மேலே ஒரே ஒரு வரி, 'இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று. கீழே அவளுடைய பெயர், பதவி, செல்போன் எண்.

யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நம் தொழிலில் அப்படிச் செய்யமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். பிராஜெக்டிலிருந்து ரிலீஸ் செய்தார்கள். நாற்பது நாள் வேலை எதுவும் தராமல் பெஞ்சு. பிறகு அப்ரைசலில் கடைசி ரேட்டிங். பிறகு எச்ஆர் அறையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா தர்றோம்" என்றார்கள். போட்டாள். கேப்கள் அதன் பிறகும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன.

நான் பின்னாடிதான் இருந்தேன். ரொம்பப் பின்னாடி.

இந்த ஃபார்வர்டு இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும். சும்மா சொல்லவில்லை. கான்பூர் ஐஐடியில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டின் கோடர்மாவில் பொறியாளர். பொதுப்பணத்தை எப்படிச் சூறையாடுகிறார்கள் என்று 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அதிலேயே கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு சேர்ந்தே அலுவலகம் அலுவலகமாக நகர்ந்தது. 2003 நவம்பர் 27 விடியற்காலை கயா நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது வயது. வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்றது சிபிஐ. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. அதை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் கொன்றவன் யாராக இருந்தாலும், நேர்மையாக எழுதிய ஒருவரை ஊர் அறிய நிறுத்திவிட்டது அந்த உறைக்குள் இருந்த ஒற்றைப் பெயர். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஏப்ரல் 25-ல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே வெட்டப்பட்டார். மணல் கடத்தலைப் பற்றி போலீஸில் புகார் கொடுத்தவர். அந்த வழக்கில் மட்டும் ஐந்தே மாதத்தில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. 2025 ஜனவரி 17-ல் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பிய ஜகபர் அலி மீது டிப்பர் லாரி ஏறியது. சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தவர். முதலில் விபத்து என்றே தோன்றியது. பிறகு கொலை வழக்காகி, குவாரிக்காரர்கள் கைதானார்கள்.

கல்குவாரியில் லாரி ஏற்றுவார்கள். அரசு அலுவலகத்தில் மாற்றல் போடுவார்கள். மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் கொள்ளையால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-ல் அறிக்கை எழுதினார். அதே மாதம் கோ-ஆப்டெக்ஸுக்கு அனுப்பப்பட்டார். கலெக்டருக்குக் கைத்தறிப் புடவை, நமக்கு பெஞ்சு. தண்டனையின் சுருதி வேறு, ராகம் ஒன்றுதான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கத்தைத் தாண்டும்போது காக்னிசன்டின் பெரிய வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் திட்ட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அரசு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம் கொடுக்க 2014-ல் கம்பெனியின் மேலிடம் ஒப்புதல் தந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம்சாட்டியது. புனேயிலும் நம் சிறுசேரியிலும் உள்ள கட்டடங்களுக்காக மேலும் சுமார் 16 லட்சம் டாலர் என்றும் சொன்னது. 2019 பிப்ரவரியில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அப்போதைய தலைவர் மீதும் தலைமைச் சட்ட அதிகாரி மீதும் நியூஜெர்சியில் நடந்த குற்ற வழக்கில் இருவரும் குற்றத்தை மறுத்தார்கள். அந்த வழக்கை 2025-ல் அமெரிக்க அரசே கைவிட்டது.

அந்தப் பணத்தை எங்கே ஒளித்தார்களாம் தெரியுமா? கட்டட ஒப்பந்தக்காரர் கூடுதல் வேலைக்கென்று போடும் சேஞ்ச் ஆர்டர்களுக்குள். இது ஆணையத்தின் குற்றச்சாட்டு. நாம் காலையில் பல் விளக்குவதுபோல் தினமும் போடுகிற சேஞ்ச் ரிக்வெஸ்ட்டின் ஒன்றுவிட்ட அண்ணன் அது! படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. குற்றச்சாட்டு உண்மையானால் அந்தத் தாள்கள் தாமாக நடந்து போயிருக்க முடியாது. யாரோ தட்டச்சு செய்திருப்பார். யாரோ கூட்டல் சரிபார்த்திருப்பார். மாதச் சம்பளம் வாங்குகிற யாரோ ஒருவருக்கு 'இந்த வேலை எங்கே நடந்தது?' என்று ஒரு நிமிடம் தோன்றியிருக்கும். எவ்வளவு பெரிய லஞ்சமும் கடைசியில் நம்மைப் போன்ற ஒருவர் திரையில் ஒரு வரியாக வந்துதான் போகிறது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. 2016-ல் கம்பெனியே உள்விசாரணை நடத்தி, தானாக முன்வந்து அமெரிக்க அரசிடம் சொன்னது. அதைக் காரணமாகச் சொல்லி, கம்பெனி மீது வழக்குத் தொடரப்போவதில்லை என்று அமெரிக்க நீதித் துறை அறிவித்தது. தப்பை முந்திக்கொண்டு சொன்னால் கம்பெனிக்குப் பாதுகாப்பு. அதே காரியத்தை ஒரு ஊழியன் செய்தால் பெஞ்சு. இது எந்த ஊர் நியாயம்?

டிசிஎஸ் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும், நம் சிப்காட்டின் பெரிய வாசல் அது. ஆள் எடுக்கும் ஏஜென்சிகளிடம் சலுகை பெற்றுக்கொண்டு வேலை தருகிறார்கள் என்று ஒருவர் தலைமை அதிகாரிகளுக்கு எழுதினார். 2023 ஜூனில் அது வெளியே வந்தது. அக்டோபரில் முடிவை கம்பெனியே அறிவித்தது: 19 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள், 16 பேர் வேலையிலிருந்து நீக்கம், 3 பேர் அந்தப் பிரிவிலிருந்து மாற்றம், 6 ஏஜென்சிகளுக்குத் தடை. கம்பெனிக்குப் பண இழப்பு இல்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் தராசு சாய்ந்தால், திறமையோடு வந்து வெளியே நின்றவனுடைய இழப்பு எந்தக் கணக்கில் வரும்? ஒரு கடிதம் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தராசை யார் பார்த்திருப்பார்கள்?

ஆக, சொன்னால் நடக்கிறது. சொல்பவனுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, பெட்டிக்குள். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்தை 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மே 9-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதன் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. அதன் பற்களைப் பிடுங்க 2015-ல் ஒரு திருத்த மசோதா மக்களவையைத் தாண்டியது, 2019-ல் காலாவதியானது. அந்தச் சட்டம் நாளைக்கே உயிர் பெற்றாலும் அது பேசுவது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றி மட்டும்தான். பெயர் சொல்லாத புகாரை அது ஏற்காது. நம் தம்பியின் மூன்று ஆவி ஊழியர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மத்திய அரசு அலுவலகம், பொதுத்துறை வங்கி பற்றிய புகார் என்றால் ஒரு பழைய வழி உண்டு. துபே கொலைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் 2004-ல் வந்த அரசுத் தீர்மானம். மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்ப வேண்டும். உறையின் மேல் உங்கள் பெயர் இருக்கக்கூடாது, உள்ளே கடிதத்தில் மட்டும் இருக்க வேண்டும். வீட்டில் யாராவது வங்கியில் வேலை செய்தால் சொல்லி வையுங்கள்.

தனியார் கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டம், 177-வது பிரிவு. பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் புகார் வழி வைத்தாக வேண்டும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் காக்க வேண்டும், தேவைப்பட்டால் அவர் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுக வழி இருக்க வேண்டும். கம்பெனி வெப்சைட்டில் கொள்கை அழகாகத் தொங்கும். ஆனால் பெஞ்சில் போடுவது பழிவாங்கலா, 'பிசினஸ் தேவையா' என்று முடிவு செய்வது யார்? பெஞ்சில் போட்டவரேதான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சட்டம் வரும்போது வரட்டும், அதற்காகவும் போராடுவோம். நாட்டிலேயே முதலாவதாக 1997-ல் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. தனியார் துறையையும் சேர்த்துக் காக்கிற ஒரு சட்டத்தை இந்த மாநிலமே ஏன் முதலில் கொண்டுவரக்கூடாது என்று கோட்டையைக் கேட்போம். ஆனால் தம்பியின் மெயில் டிராஃப்டில் கிடக்கிறது. சட்டமன்றம் கூடும் வரை அது காத்திருக்காது. இன்றைக்கு அவனைக் காக்க நம்மிடம் இருப்பது நம் பெயர்கள் மட்டுமே. ஒரு பெயர் இருந்தால் ஃபார்வர்டு செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். இருபத்திரண்டு பெயர் இருந்தால் யாரை பெஞ்சில் போடுவார்கள்? டீமே நின்றுபோகும், கிளையன்ட் கேட்பான்.

சில தோழர்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. "போட்டுக்கொடுக்கிற வேலை நமக்கெதுக்கு" என்று ஒருவர் கேட்டார். பாருங்கள், நம் பேச்சில் இதற்கென்று மரியாதையான ஒரு சொல்கூடப் புழங்கவில்லை. போட்டுக்கொடுப்பவன், காட்டிக்கொடுப்பவன், கோள்மூட்டி, எட்டப்பன். பத்திரிகைகள் 'இடித்துரைப்பாளர்' என்று எழுதுகின்றன, டீக்கடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டப்பன் எதிரியிடம் சொன்னான். நாம் சொல்லப்போவது வீட்டுக்காரரிடமே. 'ஐயா, உங்கள் வீட்டில் திருட்டு நடக்கிறது' என்று. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது சொல்பவனா, மூன்று ஆவிகளுக்குச் சம்பளம் வாங்குபவனா?

இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. மேனேஜர் மேல் கடுப்பில் இருக்கிறவன் பொய்ப்புகார் கொடுத்தால்? கொடுப்பான், அப்படி ஒருவனை எனக்கே தெரியும். அதனால்தான் கூட்டாகப் போகச் சொல்கிறேன். இருபது பேர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருபது பேரும் கேள்வி கேட்பார்கள். தேதி என்ன, எண் என்ன, நீ கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்று. சொந்தப் பகை அந்த வடிகட்டியில் நின்றுவிடும். தம்பியையும் அப்படித்தான் கேட்டேன். இரண்டு இடத்தில் தடுமாறினான், அந்த இரண்டையும் எடுத்துவிட்டோம்.

இருபது பேருக்குத் தெரிந்தால் ரகசியம் நிற்குமா என்றால், நிற்காது. ஒத்துக்கொள்கிறேன். ரகசியம் சில இடங்களில் வேலை செய்யும். 2008 டிசம்பரில் சத்யம் கம்பெனியின் இயக்குநர் ஒருவருக்கு 'ஜோசப் ஆபிரகாம்' என்ற புனைபெயரில் ஒரு மெயில் போனது. மூன்று வாரத்தில் கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜுவே மோசடியை ஒப்புக்கொண்டார். ஆனால் நம் தம்பியின் டீமில் பதினான்கு பேர். அந்தப் பில்லைப் பார்க்கிறவர்கள் மூன்று பேர். புனைபெயர் வைத்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒளிய முடியாத இடத்தில் கூட்டமாக நிற்பதுதான் புத்தி. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்களே, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் செக்யூரிட்டி தூக்கி வெளியே வைத்திருப்பார். ஏசியில் உட்காருகிற நமக்கு அது இன்னும் உறைக்கவில்லை. இத்தனைக்கும் ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு எழுத்தில் தெளிவுபடுத்திவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் என்று எதையும் உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள், பென்டிரைவில் எடுக்காதீர்கள், கிளையன்ட் டேட்டாவைப் படம் பிடிக்காதீர்கள். அது ஒன்று போதும், புகாரை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். தேதி, நேரம், பில் எண் மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதுங்கள். கேட்கிறவர்களுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் மாலுமிகள் கேப்டனுக்கு எதிராக மனு எழுதினால், பட்டியலில் முதல் பெயர்க்காரனையே கலகத் தலைவன் என்று பிடித்துத் தண்டிப்பார்கள். அதனால் அவர்கள் பெயர்களை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதினார்கள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

நாமும் அப்படியே செய்கிறோம். சனிக்கிழமை மாலை ஐந்து மணி, வழக்கமாகக் கூடும் இடம். படூர், கேளம்பாக்கம் பக்கத்தில் இருப்பவர்கள் நடந்தே வரலாம். தாம்பரம், வண்டலூர் தோழர்கள் வண்டியில் இரண்டிரண்டு பேராக வாருங்கள். மெட்ரோ வேலையால் நாவலூரில் நெரிசல் இருக்கும், சீக்கிரம் கிளம்புங்கள். இரண்டு தாள்கள் இருக்கும். முதல் தாள் தணிக்கைக் குழுத் தலைவருக்குப் போகிற புகார். தம்பியும் நானும் இருக்கிற கம்பெனியில் நம் ஆட்கள் இருபத்திரண்டு பேர், அவர்கள் மட்டும் அதில் கையெழுத்திடுவார்கள். இரண்டாவது தாள் மற்ற கம்பெனித் தோழர்களுக்கு. இந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரை பெஞ்சில் போட்டாலும், ரேட்டிங்கில் கை வைத்தாலும், மறுநாள் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் சிப்காட் வாசலுக்கும் வருவோம் என்று சொல்கிற தாள். வேலை போனால் மூன்று மாத இஎம்ஐக்கு உண்டியல். அதில் முதல் தொகையை நான் போட்டுவிட்டேன், எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இந்த மடலை வாட்ஸப்பில் போடவேண்டாம். கையில் கொடுங்கள், படித்ததும் திரும்ப வாங்குங்கள்.

நேற்று இரவு சார்ட் பேப்பரில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டேன். என் பெயரை எழுதினேன். தம்பியை இப்போதைக்கு எழுதவிடமாட்டேன். பதினாறு பேராவது எழுதிய பிறகு, நடுவில் எங்காவது அவன் எழுதட்டும்.

அந்தப் பெண்ணுக்கும் போன் செய்தேன், பதினோரு வருடம் கழித்து. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. "எத்தனை பேர்ணா கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இதை எழுதும்போது நான்கு.